இழந்த மூக்கை மீளப்பெறுதல்: மூக்குச் சீரமைப்புச் சத்திரசிகிச்சை யாருக்கு உகந்தது?

பலர் முன்னிலையில் ஒருவர் அவமானப்பட்டுவிட்டால் அவரது மூக்கு அறுபட்டுவிட்டதாகத் தமிழில் கூறுகின்றோம். இது வெறும் பேச்சுவழக்கு அன்று. மூக்கை அரிந்துவிடுதல் எமது பிராந்தியத்தில் நூற்றாண்டுக்கணக்காகத் தண்டனையாகவும் பழிவாங்கலாகவும் நிலவிவந்த ஒன்றாகும். இராமாயணத்தில் சூர்ப்பனகைக்கு நேர்ந்த கதியை அறியாதவர் இலர். 17ஆம் நூற்றாண்டில், மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி புரிந்த காலத்தில், மைசூர்ப் படையினர் அகப்பட்டோரின் மூக்குகளை அரிந்து நடத்திய போர் ‘மூக்கறுப்புப் போர்’ என்ற பெயருடனேயே வரலாற்றில் பதிவாகியுள்ளது. கி.பி. 695 இல் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியனின் மூக்கை அரிந்து நாடு கடத்தியவர்கள், மூக்கற்றவன் மீண்டும் அரியணை ஏற முடியாது என்றே கணக்கிட்டனர். பத்து ஆண்டுகளின் பின்னர் அவன் படையுடன் திரும்பிவந்து ஆட்சியைக் கைப்பற்றினான் என்பது வேறு விடயம். இக்கொடுமை பழங்காலத்துடன் முடிந்துவிட்டதாகக் கருதுவதற்கும் இடமில்லை. கணவன் வீட்டாரால் மூக்கும் காதுகளும் அரியப்பட்ட ஆப்கானிய இளம்பெண்ணின் படத்தை 2010 ஆம் ஆண்டு ‘டைம்’ சஞ்சிகையின் அட்டையில் உலகமே கண்டது.

முகத்தின் நடுவே நிற்கும் ஓர் உறுப்பைச் சிதைப்பதால் மனிதனைச் சமூகத்திலிருந்தே அகற்றிவிடலாம் என்பதைக் கொடுமைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். அதனாலேயே அந்த உறுப்பை மீள அமைத்துக் கொடுக்கும் கலையும் மிகப் பழைமையானதாக இருக்கின்றது. ஆயினும் இன்று ‘மூக்குச் சத்திரசிகிச்சை’ என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது திரைப்பட நடிகைகளேயாவர். நல்ல மூக்கை இன்னும் கூர்மையாக்கிக்கொள்ளும் அலங்காரச் சத்திரசிகிச்சையும், புற்றுநோயாலோ விபத்தாலோ நோயாலோ அழிந்த மூக்கை மீளக் கட்டியெழுப்பும் சீரமைப்புச் சத்திரசிகிச்சையும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் ஏற்பட்ட வினை இது. இதன் விளைவாக, சிகிச்சை பெறவேண்டியவர்கள் கூச்சத்தினால் ஒதுங்கியிருக்க, தேவையற்றவர்கள் அதனை நாடிச் செல்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையும், சீரமைப்பு எவ்வாறு நடைபெறுகின்றது, அது யாருக்கு உகந்தது என்பதையும் வாசகர்கள் முன் வைப்பது எமது நோக்கமாகும்.

வடமொழி வைத்திய நூலான சுசுருத சங்கிதையில், அறுபட்ட காதுச்சோணையைச் செப்பனிடும் முறைகளைக் கூறும் பகுதியின் தொடர்ச்சியாகவே மூக்கை அமைக்கும் முறையும் கூறப்பட்டுள்ளது. இழந்த மூக்கின் அளவுக்கு ஒரு மர இலையை வெட்டி, அதே அளவில் கன்னத்துத் தோலைச் சீவியெடுத்து, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே மூக்கிருந்த இடத்தில் பொருத்தவேண்டும். நாசித்துவாரங்கள் மூடிக்கொள்ளாதிருக்க இரு குழாய்களைச் செருகவேண்டும். அதிமதுரம் முதலியவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட்டுவரவேண்டும். இதுவே அதன் சாரம். இந்நூல் அப்பாசியக் கலீபாக்களின் காலத்தில் பக்தாத் நகரில் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

கன்னத்துக்குப் பதிலாக நெற்றித் தோலைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் பின்னர் வேரூன்றியது. இதனை நூல் கற்ற வைத்தியர்களை விடச் சில குலத்தவர்களே பரம்பரைத் தொழிலாகப் போற்றிவந்தனர். 1792 ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர், திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின், பூனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்துக் கொடுத்தார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த இரு ஆங்கில வைத்தியர்கள் அதனை நேரிற் கண்டனர். 1794 ஒக்டோபரில் லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மகசீன்’ இதழில் கவாஸ்ஜியின் படத்துடன் அச்செய்தி பிரசுரமானது.

அக்குறிப்பில் கண்ட முறையை இங்கு சற்று விரித்துக் கூறுவது பொருந்தும். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடியில் வைத்து மூக்கின் வடிவத்தை உருவாக்கி, பின் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து விளிம்பை வரைந்துகொள்வர். வரைந்த தோலை உரித்தெடுக்கும்போது இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மாத்திரம் வெட்டாது விட்டுவிடுவர். புதிய தோலுக்கு வேரூன்றும் வரை குருதி வருவது அந்தப் பட்டை வழியாகத்தான். தோலைத் திருப்பி மூக்கின் மீது பதித்து, வெற்றிலையுடன் நாம் மெல்லும் அதே காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் பூசி ஒட்டுவர். நான்கு நாட்களின் பின் அதனை நீக்கி, நெய்யில் தோய்த்த துணியை வைப்பர். ஏறத்தாழ 25 ஆம் நாள் இணைப்புப் பட்டையை அறுத்துவிடுவர். இன்றைய நவீன சத்திரசிகிச்சைக் கூடத்திலும் அந்தப் பட்டை அறுக்கப்படுவது மூன்று வாரங்களின் பின்னர்தான் என்பதை அறியும்போது, பெயர் தெரியாத அந்தச் செங்கல் தொழிலாளியின் அனுபவ அறிவு எத்தகையது என்பது விளங்கும்.

இச்செய்தியை வாசித்த லண்டன் வைத்தியர் ஜோசப் கார்ப்யூ, இருபது ஆண்டுகளாகப் பிரேதங்களில் பயிற்சி பெற்ற பின்னர், 1814 இல் ஒரு படை அதிகாரிக்கு இம்முறையில் மூக்கமைத்து, 1816 இல் அதனை நூலாக வெளியிட்டார். மயக்க மருந்து நடைமுறைக்கு வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. நோயாளி முழு உணர்வுடனேயே கத்தியைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் அதற்கு முன் எதுவுமே இருக்கவில்லை எனக் கூறுவதும் தவறாகும். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரப் பேராசிரியர் தல்யாகோசி, மேற்கையின் தோலை மூக்குடன் பொருத்தி, கையைத் தலையோடு வாரக்கணக்கிற் கட்டிவைக்கும் முறையை 1597 இலேயே விரிவாக எழுதிவிட்டார். எனினும் நெற்றித் தோலே முகத்தின் நிறத்துக்கும் தடிப்புக்கும் ஒத்தது. கையைக் கட்டிவைக்கும் அவஸ்தையும் அதில் இல்லை. ஆகவே உலகம் ஏற்றுக்கொண்டது ‘இந்திய முறை’ எனப் பெயர் பெற்ற அதனையே. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினருக்காக 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் தொடங்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரல்ட் கில்லீஸ் என்ற நியூசிலாந்து நாட்டவர் ஆற்றிய பணியே இத்துறையைத் தனியொரு வைத்தியப் பிரிவாக நிலைநிறுத்தியது.

மூக்கை ஒரு சதைப் பிண்டமாக எண்ணுவோர் பலர். உண்மையில் அது மூன்று அடுக்குகளாலான ஒரு கட்டடம். வெளியே தோல், நடுவே மேற்பகுதியில் எலும்பும் கீழ்ப்பகுதியில் கசியிழையமும் சேர்ந்த சட்டகம், உள்ளே ஈரலிப்பான சீதமென்சவ்வு. இம்மூன்றில் எது இழக்கப்பட்டதோ அதற்கு ஈடாக அதே தன்மையுள்ள ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை விதி. கூரைக்கு மரச்சட்டம் இல்லாது ஓடு மாத்திரம் வேய்ந்தால் என்னவாகுமோ, கசியிழையம் இல்லாது தோலை மாத்திரம் போர்த்திய மூக்குக்கும் அதுவே நேரும். முதல் மாதங்களில் அழகாகத் தோன்றும். பின்னர் சுருங்கி உள்வாங்கிச் சுவாசத்தையும் தடுக்கும். கார்ப்யூ காலத்து மூக்குகள் பலவற்றின் குறைபாடு இதுவே.

சட்டகத்துக்கான கசியிழையம் மூன்று இடங்களிலிருந்து கிடைக்கின்றது. மூக்கின் நடுச்சுவர் சிதையாதிருந்தால் அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். காதின் குழிவான பகுதியிலிருந்து எடுத்தால் காதின் தோற்றம் பெரிதாக மாறுவதில்லை. மூக்கு முழுமையாகவே அழிந்திருப்பின் விலா எலும்பின் முனையிலுள்ள கசியிழையமே போதிய அளவும் உறுதியும் உடையது. வயது முதிர்ந்தவர்களில் அது சுண்ணாம்பு படிந்து கடினப்பட்டிருக்கும் என்பதால் செதுக்குவது சிரமம். உள்ளடுக்கை அமைப்பதே இவை யாவற்றிலும் கடினமானது. மீந்திருக்கும் சீதமென்சவ்வைத் திருப்பியோ, நெற்றித் தோலின் நுனியை உள்ளே மடித்தோ, எதுவுமே எஞ்சாத நிலையில் முன்கையிலிருந்து தோலைக் குருதிக்கலன்களோடு எடுத்து நுணுக்குக்காட்டியின் உதவியுடன் முகத்துக் குருதிக்கலன்களில் இணைத்தோ அது செய்யப்படுகின்றது.

வெளித்தோலைப் பொறுத்தவரை, காயத்தின் பருமனே முறையைத் தீர்மானிக்கின்றது. ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு உட்பட்ட குறைபாடாயின் பக்கத்துத் தோலை நகர்த்தியே மூடிவிடலாம். மூக்கின் சிறகில், அதாவது மூக்குத்தி அணியும் ஓரத்தில், சிறு துண்டு இழக்கப்பட்டிருந்தால் காதின் விளிம்பிலிருந்து தோலும் கசியிழையமும் சேர்ந்த ஒரு துண்டை வைத்துத் தைக்கலாம். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையிலான மடிப்பிலிருந்து தோலெடுப்பதும் உண்டு. பெரிய குறைபாடுகளுக்கு நெற்றியே கதி. புருவத்தின் உள்ளோரமாக மேலேறும் ஒரு நாடியைக் காம்பினுள் வைத்துக்கொண்டு நெற்றித் தோலை நீளவாக்கில் உரித்துத் திருப்பிப் பதிக்கின்றனர். நெற்றியின் மேற்பகுதியில் மூடமுடியாது எஞ்சும் காயத்தை அப்படியே விட்டுவிட்டால் வாரக்கணக்கில் தானாகவே ஆறிவிடும் என்பதை நேரிற் காணாதவர்கள் நம்பமாட்டார்கள்.

1985 இல் அமெரிக்க நிபுணர்களான பேர்ஜட், மெனிக் ஆகிய இருவரும் முன்வைத்த ஒரு கருத்து இத்துறையின் போக்கையே மாற்றியது. மூக்கின் மேற்பரப்பை மேட்டையும் பள்ளத்தையும் ஒளிநிழலையும் கொண்டு ஒன்பது சிறு பகுதிகளாக அவர்கள் பிரித்தனர். ஒரு பகுதியில் பாதிக்கு மேல் இழக்கப்பட்டிருப்பின், எஞ்சியதையும் நீக்கிவிட்டு அப்பகுதி முழுவதையும் புதிதாக அமைப்பதே மேல் என்றனர். நல்ல தோலை ஏன் வெட்டியெறிய வேண்டும் எனக் கேட்கத் தோன்றும். தழும்பு பகுதிகளின் எல்லைக் கோட்டில் விழுந்தால் அது இயற்கையான மடிப்பாகவே கண்ணுக்குப் படும்; நடுவில் விழுந்தால் ஒட்டுத் துணியாகவே தெரியும். சேலையின் கிழிசலைக் கரையோரமாக மறைக்கத் தெரிந்த எமது தாய்மாருக்கு இது புதிய தத்துவம் அன்று.

நோயாளி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய முக்கியமான விடயம், இது ஒரே நாளில் முடியும் காரியம் அல்ல என்பதாகும். முதற்கட்டத்தின் பின், நெற்றிக்கும் மூக்குக்கும் இடையே தோற்காம்பு பாலம் போல் தொங்கும். பார்ப்பதற்கு அது கோரமானது. கண்ணாடி அணிவதும் கடினம். மூன்று வாரங்களின் பின் காம்பு அறுக்கப்படும். சிலருக்கு மூன்றாம் வாரத்தில் தோலைத் தூக்கி மெலிதாக்கி மீண்டும் பதித்து, ஆறாம் வாரத்திலேயே காம்பை அறுப்பர். அதன் பின்னரும் சிறுசிறு திருத்தங்கள் தேவைப்படலாம். வீக்கம் முற்றாக வற்ற ஒரு வருடம் செல்லும். காம்பு அறுக்கப்படும் வரை மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதாகவே நோயாளிக்கு உணர்வு ஏற்படும். தலைமயிர் எல்லை தாழ்வாக அமைந்தவர்களுக்குப் புதிய மூக்கின் நுனியில் மயிர் முளைப்பதும் உண்டு. இதனைப் பின்னர் அகற்றிவிடலாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மணத்தை உணரும் நரம்புகள் மூக்கின் உச்சியில், உட்புறத்தே அமைந்துள்ளன. அவை அழிந்திருந்தால் வெளிமூக்கை எவ்வளவு சிறப்பாக அமைத்தாலும் மணம் திரும்பாது.

இனி, இச்சிகிச்சை தேவைப்படுவோர் யாவர்? தோற் புற்றுநோயை அகற்றியதால் மூக்கின் ஒரு பகுதியை இழந்தவர்கள் உலகளவில் முதலிடம் பெறுகின்றனர். இவர்களில், புற்றுநோய் எஞ்சியில்லை என்பது இழையப் பரிசோதனையில் உறுதிப்பட்ட பின்னரே மீளமைப்பைத் தொடங்கவேண்டும். அவசரப்பட்டுப் போர்த்திய தோலின் கீழ் நோய் மறைந்து வளர்ந்தால் அதனைக் கண்டுபிடிப்பது கடினம். வீதி விபத்து, நாய்க்கடி, தீக்காயம், அமிலவீச்சு, எமது நாட்டில் 2009 வரை நீடித்த யுத்தத்தின் எறிகணைச் சிதறல்கள் ஆகியவற்றால் மூக்கை இழந்தவர்கள் மற்றொரு வகையினர். பிறவியில் உதடு பிளந்த குழந்தைகளில் மூக்கும் சரிந்தே அமைவதால் அவர்களுக்கும் இச்சிகிச்சையின் பங்கு உண்டு. தொழுநோய்க் கிருமி மூக்கின் உட்புறத்தைத் தாக்குவதால் நடுச்சுவர் கரைந்து மூக்குத் தண்டு சேணம் போல் உள்வாங்கிவிடும். ஹெந்தளையிலும் மட்டக்களப்பு மாந்தீவிலும் வைத்தியசாலைகள் அமைத்து நோயாளரைத் தனிமைப்படுத்திய காலம் மாறி, கூட்டு மருந்துகளால் முற்றாகக் குணப்படுத்தக்கூடிய நோயாக அது ஆகிவிட்டது. ஆயினும் இலங்கையில் புதிய தொழுநோயாளர்கள் இன்றும் இனங்காணப்படுகின்றனர். காலந்தாழ்த்தி வருபவருக்கு நோய் குணமானாலும் இழந்த வடிவத்தை மருந்து மீட்டுத்தராது.

தடுத்திருக்கக்கூடிய இழப்புகளே எம்மை அதிகம் கவலைகொள்ள வைக்கின்றன. விளையாட்டில் மூக்கில் அடிபட்ட குழந்தைக்கு இரத்தம் நின்றுவிட்டால் பெற்றோர் ஆறுதலடைந்து விடுகின்றனர். ஆனால் நடுச்சுவரின் உள்ளே, கசியிழையத்துக்கும் அதனைப் போர்த்திய மென்சவ்வுக்கும் இடையே குருதி தேங்கக்கூடும். கசியிழையத்துக்கெனத் தனியே குருதிக்கலன்கள் இல்லை. அந்த மென்சவ்விலிருந்தே அது உயிர் வாழ்கின்றது. இரண்டும் பிரிந்துவிட்டால் சில நாட்களிலேயே கசியிழையம் அழுகி, மூக்கு உள்வாங்கி, பிள்ளை வளர வளர அக்குறையும் வளரும். அடிபட்ட பின் மூக்கு இரு பக்கமும் அடைத்து, உள்ளே மெதுமையான வீக்கம் தென்படுமானால் அன்றைய தினமே காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் கொண்டு செல்லவேண்டும். தேங்கிய குருதியை வெளியேற்றும் சிறு சிகிச்சை, பிற்காலத்துப் பெரும் சத்திரசிகிச்சையைத் தவிர்க்கும். அதேபோல, விளையாட்டுப் பொருட்களிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை மூக்கினுள் செருகிக்கொண்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது. சில மணித்தியாலங்களிலேயே அது நடுச்சுவரை அரித்துத் துளையிட்டுவிடும். வளர்ந்தவர்களில் மூக்கெலும்பு முறிந்தால் ஏறத்தாழ இரு வாரங்களுக்குள்ளும், பிள்ளைகளில் அதனிலும் விரைவாகவும் நிமிர்த்திவிட்டால், பின்னர் வெட்டித் திருத்தவேண்டிய அவசியம் பெரும்பாலும் எழாது. மூக்கின் துண்டு முற்றாக அறுபட்டு விழுந்திருந்தால் அதனை வீசிவிடலாகாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு, அப்பையை ஐஸின் மீது வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். துண்டின் மேல் ஐஸ் நேரடியாகப் படலாகாது. நாய் கடித்த காயமாயின் விசர்நாய்க்கடித் தடுப்புச் சிகிச்சையே முதலாவது. முகத்துக் கடி மிக ஆபத்தான வகையைச் சேர்ந்தது.

தேவை இருந்தும் சிகிச்சையை ஒத்திவைக்க வேண்டியவர்களும் உளர். புகைப்பவர்களே இவர்களில் முதன்மையானோர். தோல் மடல் உயிர் பிழைப்பது நுண்ணிய குருதிக்கலன்களை நம்பியே. நிக்கொட்டின் அவற்றைச் சுருக்கிவிடும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னராவது சிகரெட், பீடி, சுருட்டு யாவற்றையும் நிறுத்தவேண்டும். இதனை மறைத்துவிட்டுச் சத்திரசிகிச்சைக்கு உட்படுபவர், நெற்றியையும் இழந்து மூக்கையும் பெறாத நிலைக்கு ஆளாகலாம். கட்டுப்பாடற்ற நீரிழிவுள்ளோர் முதலில் சீனியின் அளவைச் சீராக்க வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில் காயம் ஆறுவது மந்தமானது. உடலின் எதிர்ப்புச் சக்தியே குருதிக்கலன்களையும் கசியிழையத்தையும் தாக்கும் சில நோய்களில், நோய் முற்றாக அடங்கும் வரை காத்திருக்கவேண்டும். இல்லையேல் வைத்த கசியிழையத்தையும் அது தின்றுவிடும். குருதியை மெலிதாக்கும் அஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும், மருந்தெனக் கருதாது நாம் உட்கொள்ளும் உள்ளிப்பூண்டுக் குளிசைகள் போன்றவற்றையும் வைத்தியரிடம் மறைக்காது கூறவேண்டும். தானாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே. எம்மைப் போன்ற கருந்தோலினரில் தழும்பு தடித்து வளரும் இயல்பு சற்று அதிகம். ஏற்கெனவே காது குத்திய இடத்திலோ மார்பிலோ அவ்வாறான தடிப்பு உள்ளவர் அதனையும் தெரிவிப்பது நன்று.

வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குச் சட்டகத்தைப் பெரிதாக மாற்றுவதை நிபுணர்கள் இயன்றவரை தவிர்க்கின்றனர். பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ 15-16 வயது வரையும், ஆண் பிள்ளைகளில் மேலும் ஓரிரு ஆண்டுகளும் பொறுத்திருப்பது வழக்கம். உதடு பிளந்த குழந்தைகளில் சிறு வயதிலேயே ஒரு திருத்தமும், வளர்ந்த பின் முழுமையான திருத்தமுமாக இரு தடவைகளில் இது நடைபெறுகின்றது.

அழகுக்காக மாத்திரம் வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். வளைந்த நடுச்சுவரால் சுவாசிக்கச் சிரமப்படுபவருக்குச் சத்திரசிகிச்சை நியாயமானது. அதனோடு தோற்றமும் சீர்படுமானால் யாருக்கும் ஆட்சேபனை இருக்கமுடியாது. ஆனால் பிறர் கண்ணுக்குப் புலப்படாத குறையொன்றை நாள் முழுவதும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வருந்துபவருக்குத் தேவைப்படுவது கத்தி அல்ல, மனநல ஆலோசனை. அத்தகையோர் எத்தனை தடவை சத்திரசிகிச்சை செய்தாலும் திருப்தியடைவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு சொல்லுக்காக மகளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், குறை மகளின் மூக்கில் இருக்கின்றதா, வந்தவர்களின் வாயில் இருக்கின்றதா எனச் சிந்திக்கவேண்டும். அழகு நிலையங்களில் ஊசி மூலம் மூக்கை உயர்த்திவிடுவதாகச் செய்யப்படும் விளம்பரங்கள் இவற்றைவிட அபாயகரமானவை. ஊசியில் ஏற்றும் பொருள் தவறி நாடிக்குள் புகுந்தால் மூக்கின் தோல் கருகுவதோடு, கண்பார்வையே பறிபோகவும் கூடும். வைத்தியத் தகைமையற்றோர் இதனைச் செய்வதை அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருப்பது ஏற்கத்தக்கதன்று.

முஸ்லிம் வாசகர்கள் மத்தியில் மார்க்க ரீதியான தயக்கம் சிலருக்கு இருப்பதை நாம் அறிவோம். இறைவனின் படைப்பை மாற்றுதல் ஆகாது என்பதே அத்தயக்கத்தின் அடிப்படை. இவ்விடயத்தில் ஹதீஸ் நூல்களான அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ள ஒரு செய்தி முக்கியமானது. அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) என்னும் நபித்தோழர், இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் குலாப் போரில் தமது மூக்கை இழந்தவர். வெள்ளியால் செய்த மூக்கை அவர் பொருத்தியிருந்தார். அது துர்நாற்றம் வீசியதால், தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். பொதுவாக ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருக்கும் மார்க்கத்தில் இந்த அனுமதி வழங்கப்பட்டமை கவனத்திற்குரியது. 2007 இல் மலேசியாவின் புத்ராஜயா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும், பிறவிக் குறையையோ விபத்தாலும் நோயாலும் ஏற்பட்ட குறையையோ சீர்செய்யும் சத்திரசிகிச்சைகளுக்கு அனுமதியுண்டு எனவும், இயல்பான தோற்றத்தை வெறும் விருப்பத்துக்காக மாற்றுவதற்கு அனுமதியில்லை எனவும் வேறுபடுத்தியே தீர்மானித்தது.

அர்பஜா (ரழி) அவர்களுக்குக் கிடைத்தது செயற்கை மூக்கு என்பதையும் இங்கு கவனிக்கலாம். பல கட்டச் சத்திரசிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை அற்ற முதியோருக்கும், புற்றுநோய் மீண்டும் தோன்றக்கூடும் என அஞ்சப்படுவோருக்கும் இன்றும் அது நல்ல தெரிவே. தற்போது சிலிக்கோனில் தோலின் நிறத்துக்கேற்ப வார்க்கப்படும் மூக்கை, பசையாலோ எலும்பில் பதித்த சிறு உலோக முளைகளாலோ பொருத்துகின்றனர். இரவில் கழற்றிக் கழுவவேண்டும். சில வருடங்களுக்கு ஒரு தடவை புதிதாகச் செய்யவேண்டும். வெயிலும் வியர்வையும் மிகுந்த எமது நாட்டில் பசை நெகிழ்ந்துவிடுவது ஒரு தொல்லையே.

இலங்கையில் கொழும்பு தேசிய வைத்தியசாலை உட்படச் சில அரச வைத்தியசாலைகளில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. விபத்து, நோய் ஆகியவற்றால் ஏற்பட்ட குறைகளுக்கு அங்கு கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். பிரதேச வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுச் செல்வதே முறை. தூர இடங்களிலிருந்து செல்வோர், காம்புடன் இருக்கும் மூன்று வாரங்களுக்கு எங்கு தங்குவது, காயத்தைத் துப்புரவாக்க அருகில் யாரை நாடுவது என்பதை முதற்சந்திப்பிலேயே பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோலத்தில் பஸ்ஸில் பயணிக்க வெட்கப்பட்டு இரண்டாம் கட்டத்தைத் தள்ளிப்போடுவது அதுவரை பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும்.

முதற்சந்திப்புக்குச் செல்லும்போது எடுத்துச் செல்லவேண்டியவற்றில் பலர் மறந்துவிடுவது பழைய புகைப்படமாகும். மூக்கு முன்னர் எவ்வாறு இருந்தது, எவ்வளவு அகலம், நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை நிபுணர் அதிலிருந்தே அறிந்துகொள்கின்றார். முன்புறமும் பக்கவாட்டும் தெரியும் திருமணப் படங்கள் சிறந்தவை. இடம்பெயர்வுகளில் வீட்டோடு அல்பங்களையும் இழந்த குடும்பங்களில் தேசிய அடையாள அட்டையின் படம் ஒன்றே எஞ்சியிருக்கக்கூடும். அதனையாவது கொண்டு செல்லலாம். அதுவும் இல்லாதவர், தம்மைப் போன்ற முகச்சாயல் உடைய சகோதரரையோ சகோதரியையோ உடன் அழைத்துச் செல்வது உதவக்கூடும்.